இருதயத்துக்கு வழி கண்டவர்: வெர்னர் போர்ஸ்மன் சரித்திரம்

முன்னுரை

உலகிற் பெரியோரெனப் போற்றப்படுவோருள் இருவகையினர் உளர். தாம் செய்த காரியத்தின் பயனைத் தம் காலத்திலேயே கண்டு, மக்களால் மாலை சூட்டப்பெற்று மகிழ்ந்தோர் ஒருவகையினர். தாம் இட்ட வித்து எத்தகைய மரமாகும் என்பதைத் தாமும் அறியாது, பிறராலும் மதிக்கப்படாது, நெடுங்காலம் ஒதுங்கி வாழ்ந்தோர் மற்றொரு வகையினர். நாம் இங்கு எழுதப் புகுந்த வெர்னர் போர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய இரணவைத்தியர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அவருடைய வாழ்வில் வியத்தற்குரியனவும் உள, வருந்தத்தக்கனவும் உள. இரண்டையும் மறையாது கூறுதலே சரித்திரம் எழுதுவோர் கடமையாதலின், அவ்வண்ணமே கூற முற்படுகின்றோம்.

இன்று ஒருவருடைய பழுதுபட்ட இருதயத்தை நீக்கி, இறந்த மற்றொருவருடைய நல்ல இருதயத்தை அவ்விடத்திற் பொருத்தும் அரிய சிகிச்சை நம் தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றது. அவ்வாறு பொருத்தப்பெற்ற இருதயத்திலும் சில ஆண்டுகளில் இரத்தக்குழாய்கள் சுருங்கும் நோய் தோன்றுவதுண்டு. அந்நோய் வலியின்றி வருவது. படம் பிடித்துப் பார்த்தாலன்றிப் புலப்படாதது. அப்படத்தை எடுப்பதற்கு வைத்தியர்கள் செல்லும் வழி, 1929-ம் ஆண்டில் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத போர்ஸ்மன் தம் கையிலேயே கத்தியிட்டுத் திறந்த வழியேயாகும். எனினும், இருதயத்தை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை முதன்முதலில் நிகழ்ந்தபொழுது, அதனை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். இம்முரண்பாட்டின் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

போர்ஸ்மன் 1904-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ம் நாள் பெர்லின் மாநகரிற் பிறந்தார். பெற்றோர்க்கு அவர் ஒரே மைந்தர். தந்தையார் வழக்கறிஞர்; முதல் உலகப் பெரும்போரிற் சென்று உயிர் நீத்தார். அப்பொழுது சிறுவர் பன்னிரண்டு வயதளவினர். தாயாரே அவரை வளர்த்துக் கல்வி பயிற்றுவித்தார். போருக்குப் பின் ஜெர்மனியில் நாணயத்தின் மதிப்பு அடியோடு வீழ்ந்து நடுத்தரக் குடும்பங்கள் நிலைகுலைந்த அக்காலத்தில், கணவனை இழந்த ஒரு தாய் தன் மகனை வைத்தியக் கல்விக்கு அனுப்புதல் எளிதன்று. 1922-ம் ஆண்டில் அவர் பெர்லின் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். கல்வி முடிந்தபின், பெர்லினுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரில், ஆகஸ்டே விக்டோரியா இல்லம் என்னும் மருத்துவமனையில் இரணவைத்தியப் பயிற்சிக்கு அமர்ந்தார். அங்குத் தலைமை வைத்தியராயிருந்த ரிச்சர்டு ஷ்னைடர் என்பார் அக்குடும்பத்துக்கு நண்பர்.

அக்காலத்து நிலை

போர்ஸ்மன் செய்த காரியத்தின் அருமையை உணர வேண்டுமாயின், அக்காலத்து வைத்தியர் இருதயத்தை எவ்வாறு கருதினர் என்பதை நாம் அறிதல் வேண்டும். இப்பொழுது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த வாசுதேவநல்லூரில், புலித்தேவர்க்குரிய கோட்டை ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்தது. பீரங்கி கொண்டு வந்த படைகளும் அதனை எளிதிற் புக முடியாது திரும்பியதை நம் நாட்டுச் சரித்திரம் பயின்றோர் அறிவர். இருதயமும் அத்தகைய கோட்டையாகவே அன்று மதிக்கப்பட்டது. வெளியே நின்று அதன் ஒலியைக் கேட்கலாம், நாடியைப் பார்க்கலாம், எக்ஸ்ரேயினால் அதன் நிழலைக் காணலாம், மின்னோட்டத்தைக் குறிக்கும் கருவியால் அதன் துடிப்பை வரைந்து கொள்ளலாம். உள்ளே புகுதல் ஆகாது. உயிருள்ள மனிதனுடைய இருதயத்தினுள் அந்நியப் பொருள் ஏதேனும் பட்டால் அது துடிப்பு நின்று இறப்பான் என்பதே பெரும்பாலோர் கொள்கை.

ஆபத்தான நேரங்களில் வைத்தியர்கள் மார்பின் வழியே நீண்ட ஊசியைக் குத்தி இருதயத்தினுள் மருந்து செலுத்துவர். அவ்வூசி இருதயத்தின் சுவரையோ நுரையீரலையோ கிழித்து, நோயினும் பெருங்கேட்டை விளைத்தலும் உண்டு. இதனைக் கண்ட போர்ஸ்மன், இரத்தம் தானே செல்லும் வழியாக இருதயத்தை அடைதல் கூடுமன்றோ எனச் சிந்தித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர்களாகிய ஷோவோவும் மாரேயும் ஒரு குதிரையின் கழுத்துச் சிரையின் வழியாக இருதயத்தினுள் குழாயைச் செலுத்தி அதன் அழுத்தத்தை அளந்தனர். அக்காட்சியைக் காட்டும் படமொன்றைப் போர்ஸ்மன் நூலிற் கண்டிருந்தார். குதிரை சாகவில்லை, அவ்வாறாயின் மனிதன் மட்டும் ஏன் சாதல் வேண்டும் என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

தம் கையிலேயே செய்த சோதனை

தலைவராகிய ஷ்னைடரிடம் அவர் தம் எண்ணத்தைக் கூறி அனுமதி வேண்டினார். நோயாளி எவர்மேலும் இதனைச் செய்தல் கூடாதென ஷ்னைடர் மறுத்தார். அங்ஙனமாயின் என்மேலேயே செய்து கொள்கின்றேன் என்னும் வேண்டுகோளையும் மறுத்துவிட்டார். கணவனை இழந்த தாய்க்கு ஒரே மகனாகிய இவன் இறப்பின் என் செய்வது என்னும் அச்சம் அவருக்கு இருந்திருத்தல் இயல்பே.

போர்ஸ்மன் ஓயவில்லை. அறுவைக் கருவிகளின் அறைக்குப் பொறுப்பாயிருந்த கெர்டா டிட்சன் என்னும் தாதியிடம் இதனைப் பற்றிப் பலநாள் உரையாடி அவருடைய நம்பிக்கையைப் பெற்றார். அச்சோதனையைத் தம்மேலேயே செய்யுமாறு டிட்சன் முன்வந்தார். பின்னர் நிகழ்ந்ததைப் போர்ஸ்மன் தம் சுயசரிதையிற் கூறியுள்ளார். 1929-ம் ஆண்டின் கோடைகாலத்தில் ஒருநாள், மருத்துவமனையில் ஏனையோர் பகலுணவுக்குப் பின் ஓய்ந்திருந்த வேளையில், அவர் தாதியை மேசையின்மேற் படுக்கச் செய்து கைகால்களைக் கட்டினார். அவருடைய கையில் மருந்து தடவுவது போலக் காட்டி, சற்று அப்பால் நின்று தம் இடக்கையின் முழங்கை மடிப்பில் மரமரப்பு ஊசியிட்டு, தோலைக் கீறி, சிரையைத் திறந்து, சிறுநீரகக் குழாய்க்கெனச் செய்யப்பட்ட மெல்லிய ரப்பர்க் குழாயைத் தமக்கே செலுத்தலானார். கதீட்டர் எனப்படும் அக்குழாய் 65 சென்டிமீட்டர் நீளமுடையது. தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த தாதி முதலிற் சினந்தார், பின்னர்த் துணைநின்றார்.

குழாய் உள்ளேயிருக்க, இருவரும் படிகளில் இறங்கிக் கீழிருந்த எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்றனர். தாதி ஒரு கண்ணாடியை ஏந்தி நிற்க, அதில் தெரிந்த நிழலைப் பார்த்துக் கொண்டே போர்ஸ்மன் குழாயை மேலும் உள்ளே தள்ளினார். அவருடைய நண்பராகிய ரோமைஸ் என்னும் வைத்தியர் ஓடிவந்து, நண்பர் தற்கொலை செய்து கொள்கின்றார் என்றஞ்சிக் குழாயைப் பற்றி இழுக்க முயன்றார். போர்ஸ்மன் அவரைக் காலால் உதைத்துத் தடுத்து, குழாயின் நுனி இருதயத்தின் வலது மேலறையை அடையும் வரை செலுத்திப் படம் எடுக்கச் செய்தார். அவர் இறக்கவில்லை, இருதயமும் நிற்கவில்லை. கோட்டையின் வாயில் திறக்கப்பட்டது.

இச்செயலை நாம் முற்றிலும் புகழ்தல் தகுமோ என மாணவர் சிலர் வினவக்கூடும். தலைவரின் கட்டளையை மீறியதும், நம்பி வந்த தாதியை ஏமாற்றியதும் குற்றமே. ஆயினும், பிறர்மேற் செய்ய இசைவு பெறாத சோதனையின் ஆபத்தை அவர் பிறர் தலையிற் சுமத்தாது தாமே ஏற்றார் என்பதை மறத்தலும் தகாது. தாதியைக் கட்டியது, அவர்மேற் சோதனை செய்தற்கன்று, தம்மைத் தடுக்காதிருத்தற்கே.

இகழ்ச்சியும் அலைச்சலும்

ஷ்னைடர் முதலிற் கடிந்தாரெனினும், படத்தைக் கண்டபின் மகிழ்ந்து, இறக்கும் நிலையிலிருந்த ஒரு நோயாளிக்கு இவ்வழியாக மருந்து செலுத்த இசைந்தார். அப்பெண்மணி பிழைக்கவில்லை, எனினும் நேரே செலுத்திய மருந்து விரைந்து வேலை செய்தலைப் போர்ஸ்மன் கண்டார். 1929-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மானிய வைத்தியப் பத்திரிகையொன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. நாளிதழ்கள் அதனைப் பரபரப்பான செய்தியாக்கின. பெர்லினில் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில், சௌவர்புரூக் என்னும் பேராசிரியரின் கீழ் ஊதியமின்றிப் பணியாற்றச் சென்ற அவர், விரைவிலேயே வெளியேற்றப்பட்டார். இத்தகைய வித்தைகள் கழைக்கூத்துக்குப் பொருந்துமேயன்றிக் கண்ணியமான மருத்துவமனைக்குப் பொருந்தா என்பது பேராசிரியருடைய எண்ணம். தாமே இதனை முன்னர்ச் செய்ததாகக் கூறி உரிமை கொண்டாடிய வைத்தியரும் உண்டு.

அவர் மீண்டும் எபர்ஸ்வால்டேக்குச் சென்றும், பிற இடங்களில் இருந்தும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். எக்ஸ்ரேயில் நிழலிடும் மருந்தைக் குழாயின் வழியே இருதயத்தினுட் செலுத்தினால் அதன் உட்புறத்தைப் படமாகக் காணலாம் என்பது அவருடைய அடுத்த எண்ணம். நாய்களின்மேல் அதனைச் சோதித்தார். அவற்றைத் தம் தாயாரின் இல்லத்திலேயே வைத்துப் பேணினாரென்பர். பின்னர் முன்போலத் தம்மேலேயே சோதித்தார். அக்காலத்துக் கருவிகளின் குறையால் மனிதப் படங்கள் தெளிவுற அமையவில்லை. ஆயினும், இருதயத்தினுள் சாயமிட்டுப் படம் பிடித்தல் என்னும் இன்றைய கலைக்கு அவரே அடிகோலினார். பலமுறை குழாய் செலுத்தப்பட்ட அவர் கைகளில் இனித் திறப்பதற்குச் சிரை இல்லை என்னும் நிலை வந்தது.

ஆதரிப்போர் இல்லை, ஊதியமும் போதவில்லை. மைன்ஸ் நகரிற் பணியாற்றுகையில் எல்ஸ்பெட் என்னும் பெண் வைத்தியரை மணந்தார். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை செய்தல் அக்காலத்து விதிக்கு மாறாதலின் வேறிடம் தேடினர். இறுதியில் போர்ஸ்மன் இருதய ஆராய்ச்சியை விடுத்துச் சிறுநீரகப் பிணி வைத்தியராக மாறினார். இருவர்க்கும் ஆறு மக்கள் பிறந்தனர்.

வாழ்வில் ஒரு மாசு

இவ்விடத்தில் நாம் மறைக்கலாகாத ஒன்றுண்டு. 1932-ம் ஆண்டில் போர்ஸ்மன் நாஜிக் கட்சியிற் சேர்ந்து, 1945 வரை அதன் உறுப்பினராயிருந்தார். அக்கட்சி ஆண்ட நாட்டில் வைத்தியர் பலரே பைத்தியரையும் ஊனமுற்றோரையும் கொல்லும் கொடுமைக்குக் கருவியாயினர் என்பதைச் சரித்திரம் கூறும். அறிவுக்கூர்மை ஒருவனை அரசியற் பிழையினின்று காப்பதில்லை என்பதற்கு இவர் வாழ்வும் ஒரு சான்று. இரண்டாம் பெரும்போரில் அவர் சேனை வைத்தியராகப் பணியாற்றி, முடிவில் அமெரிக்கரிடம் சிறைப்பட்டார். விடுதலையான பின்னும் சில ஆண்டுகள் தொழில் செய்யத் தடை இருந்தது. கருங்காட்டுப் பகுதியில் ஒரு சிற்றூரில் மனைவியாரின் வைத்தியத் தொழிலே குடும்பத்தைக் காத்தது. 1950-ம் ஆண்டில் பாட் கிராய்ட்ஸ்நாக் என்னும் ஊரில் சிறுநீரகப் பிணி வைத்தியராக மீண்டும் தொழில் தொடங்கினார். தாம் திறந்த வழியில் உலகம் எவ்வளவு தூரம் சென்றுவிட்டதென்பதை அவர் அப்பொழுதுதான் முழுவதும் அறியலானார்.

நோபல் பரிசு

நியூயார்க்கு நகரில் பெல்வியூ மருத்துவமனையில், ஆந்திரே கூர்னாண்டு, டிக்கின்சன் ரிச்சர்டுஸ் என்னும் இரு வைத்தியர்கள் போர்ஸ்மனுடைய கட்டுரையைப் படித்து, 1940-ம் ஆண்டுகளில் அம்முறையைச் செம்மைப்படுத்தினர். இருதயத்தின் ஒவ்வோர் அறையிலும் உள்ள அழுத்தத்தையும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் அவர்கள் அளந்தனர். பிறவியிலேயே இருதயக் குறையுள்ள குழந்தைகளின் நோயைத் துல்லியமாக அறிந்து அறுத்துச் சீர்படுத்த இதனால் இயன்றது. 1956-ம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு இவ்விருவர்க்கும் போர்ஸ்மனுக்குமாக மூவர்க்கும் வழங்கப்பட்டது. சிற்றூரொன்றிற் சிறுநீரகப் பிணி தீர்த்து வந்த 52 வயது வைத்தியர் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றார். இருபத்தேழு ஆண்டுகள் தாமதித்து வந்த புகழ் அது. 1958-ல் டுசெல்டார்பு நகரத்துச் சுவிசேஷ மருத்துவமனையில் இரணவைத்தியத் தலைவரானார். ஆயின் இருதய ஆராய்ச்சியில் மீண்டும் இறங்குதற்குக் காலம் கடந்துவிட்டது.

நம் நாட்டிலும் அக்காலத்திலேயே அவ்வழி புகுந்தது. பர்மாவிற் பிறந்து, 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பினால் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த பத்மாவதி என்னும் அம்மையார், 1954-ல் டில்லி லேடி ஹார்டிஞ்சு கல்லூரியில் இருதயத்தினுட் குழாய் செலுத்தும் ஆய்வுக்கூடத்தை அமைத்தார்.

தற்செயலாய்ப் பிறந்த படம்

குழாய் இருதயத்தின் அறைகளை அடைந்தது. ஆனால் இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் சிறு தமனிகளைக் காண்பது எங்ஙனம்? மகுடம்போல் இருதயத்தைச் சூழ்ந்திருத்தலின் கரோனரித் தமனிகள் எனப்படும் இவற்றினுள் நேரே சாயம் செலுத்தினால் இருதயம் தாறுமாறாய்த் துடித்து மரணம் நேரும் என அனைவரும் நம்பினர். 1958-ம் ஆண்டு அக்டோபர் 30-ம் நாள், அமெரிக்காவில் கிளீவ்லாண்டு நகரில் மேசன் சோன்ஸ் என்னும் வைத்தியர் ஓர் இளைஞருடைய இருதயக் கதவை ஆராய்கையில், குழாயின் நுனி தற்செயலாக வலது கரோனரித் தமனியினுட் புகுந்துவிட்டது. அதனை அறியுமுன்னரே சாயம் பாய்ந்தது. இருதயம் சில வினாடிகள் நின்றது. இருமுமாறு சோன்ஸ் பணிக்க, நோயாளி இரும, மீண்டும் துடித்தது. அத்தமனியின் கிளைகளெல்லாம் படத்தில் மரக்கிளைபோல் தெளிவாகத் தோன்றின. ஆபத்தெனக் கருதியது ஆபத்தன்று என்பதை அந்நாள் உணர்த்திற்று. சோன்ஸ் 1985-ம் ஆண்டில் மறைந்தார். அவர் கண்ட முறையே இன்று ஆஞ்சியோகிராம் என்னும் பெயரால் நம் ஊர்களில் அனைவர் வாயிலும் வழங்குகின்றது.

மாற்று இருதயமும் போர்ஸ்மனின் மறுப்பும்

1967-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் நாள், தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்துக் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியன் பர்னார்டு என்னும் இரணவைத்தியர், மனிதனுக்கு மனித இருதயத்தை முதன்முதலாக மாற்றிப் பொருத்தினார். நோயாளி 18 நாட்கள் உயிர் வாழ்ந்தார். உலகெங்கும் ஆரவாரம் எழுந்தது. 1968-ம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பி. கே. சென் என்பாரும் இதனை முயன்றார். நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார்.

இவ்வாரவாரத்தினிடையே, நோபல் பரிசு பெற்ற போர்ஸ்மன் 1968-ன் தொடக்கத்தில் தம் நாட்டு நாளிதழில் இதனை எதிர்த்து எழுதினார். ஒருவன் இறத்தலை மற்றொருவன் பொருட்டு வைத்தியர் கூட்டம் காத்து நிற்பது வைத்திய அறத்துக்கு ஒவ்வாதென்பது அவர் கருத்து. இளமையில் யாவரும் தடுத்ததைத் துணிந்து செய்தவர் முதுமையில் பிறர் துணிவைத் தடுப்பதா எனச் சிலர் நகைக்கலாம். நாம் அங்ஙனம் நகைத்தல் தகாது. துணிவு இருவகைப்படும்: தன்னுயிரைப் பணயம் வைப்பது ஒன்று, பிறனுயிரைப் பணயம் வைப்பது மற்றொன்று. முன்னதைச் செய்தவர் பின்னதை ஐயுற்றதில் முரண்பாடு இல்லை. மேலும், வைத்தியர் கையில் உயிரின் மதிப்பை அளக்கும் அதிகாரம் சேர்ந்தால் என்ன விளையும் என்பதைக் கண்ட நாட்டவர் அவர். இறப்பது யார், இறந்தார் என்று யார் எப்பொழுது சொல்வது என்னும் வினாக்களுக்கு அன்று சட்டத்தில் விடை இல்லை. நம் நாட்டில் மூளைச்சாவை மரணமாக ஏற்று உறுப்புத் தானத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1994-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 3-ம் நாள் டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் வேணுகோபால் என்பார் நாட்டின் முதல் வெற்றியான மாற்று இருதய சிகிச்சையைச் செய்தார். தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்புத் தானத்துக்கான அரசுத் திட்டம் 2008-ம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. போர்ஸ்மன் எழுப்பிய ஐயத்துக்குச் சட்டமும் ஒழுங்கும் விடை கூறிய பின்னரே சிகிச்சை நிலைபெற்றது என்பது கருதத்தக்கது.

வலியின்றி வரும் நோய்

பர்னார்டின் இரண்டாம் நோயாளியாகிய பிலிப் பிளைபர்க் என்பார், 1968 ஜனவரி 2-ம் நாள் மாற்று இருதயம் பெற்று 19 மாதங்கள் உயிர் வாழ்ந்தார். அவர் பெற்றது 24 வயது இளைஞருடைய இருதயம். 1969 ஆகஸ்டில் அவர் இறந்தபின் அவ்விருதயத்தைச் சோதித்தோர் திடுக்கிட்டனர். இளைஞருடைய இருதயத்தின் கரோனரித் தமனிகள் முதியோருடையனபோலக் கடுமையாகச் சுருங்கியிருந்தன. இரண்டாண்டுக்குள் இஃது எங்ஙனம் நேர்ந்தது? உடல் அந்நிய உறுப்பைப் பகையென மதித்துப் போர் தொடுக்கின்றது. அப்போரின் முதற்களம் இரத்தக்குழாயின் உட்சுவர். அச்சுவர் நாளடைவில் தடித்து வழி குறுகுகின்றது. கொழுப்பும், நீரிழிவும், இரத்த அழுத்தமும் அதற்குத் துணை போகின்றன. மாற்று இருதயம் பெற்றோருள் ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய மூன்றிலொருவர்க்கும், பத்தாம் ஆண்டில் ஏறக்குறைய பாதிப்பேர்க்கும் இந்நோயின் அடையாளம் காணப்படுகின்றது.

இந்நோய் பிறர்க்கு வரும் மாரடைப்பு நோயினின்று இருவகையில் வேறுபட்டது. ஒன்று, அதன் பரப்பு. வாசுதேவநல்லூரில் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள குளங்களினின்று வயல்களுக்கு நீர் பாயும் கால்வாயை எண்ணிப் பார்ப்போமாக. கால்வாயில் ஓரிடத்தில் மண் சரிந்து அடைத்தால், அவ்விடத்தைத் தோண்டினாற் போதும், நீர் ஓடும். பொதுவான கரோனரி நோய் பெரும்பாலும் இத்தகையது. குழாயினுள் ஸ்டெண்டு வைத்தோ, மாற்றுப்பாதை அமைத்தோ சரி செய்வர். ஆனால் மாற்று இருதயத்தின் நோய், கால்வாய் முதல் கடைசி வயலின் சிறு வாய்க்கால் வரை எங்கும் ஒரே சீராக வண்டல் படிந்ததை ஒக்கும். எந்த இடத்தைத் தோண்டுவது? ஆகையால் முற்றியபின் மருந்து பயன்படாது. மீண்டும் இருதயம் மாற்றுதலே எஞ்சும்.

மற்றொன்று, வலியின்மை. இருதயத்தை எடுத்துப் பொருத்துகையில் அதன் நரம்புகள் அறுபடுகின்றன. ஆதலின் இரத்தம் குறைந்து இருதயம் வாடினும் நெஞ்சு வலிக்காது. சில ஆண்டுகளிற் சிலர்க்கு நரம்பு ஓரளவு மீளத் தளிர்ப்பினும், அதனை நம்பியிருத்தல் ஆகாது. மூச்சுத் திணறலோ, திடீர் மரணமோ முதல் அறிகுறியாதலும் உண்டு. காவற்காரன் வாய் கட்டப்பட்ட வீட்டிற் கள்ளன் புகுந்தாற்போன்றது இந்நோய்.

ஆகையினாலேயே மாற்று இருதயம் பெற்றோர் நலமாயிருப்பினும் குறித்த காலந்தோறும் சோதனைக்கு வருதல் வேண்டுமென விதித்தனர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நார்மன் ஷம்வே என்னும் இரணவைத்தியரின் குழுவினர், பிறர் கைவிட்ட காலத்தும் இச்சிகிச்சையை விடாது நடத்தி, ஆண்டுதோறும் ஆஞ்சியோகிராம் எடுக்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். கையிலோ தொடையிலோ உள்ள இரத்தக்குழாயின் வழியே கதீட்டரைச் செலுத்தி, எக்ஸ்ரேத் திரையில் நிழலைப் பார்த்துக்கொண்டே இருதயத்தை அடைவதே அச்சோதனை. 1929-ல் கண்ணாடியை நோக்கி நின்ற இளைஞர் செய்ததன் மறுபதிப்பே இது.

இம்முறைக்கும் குறை உண்டு. சாயம் நீரோட்டத்தின் அகலத்தைக் காட்டுமேயன்றிக் கரையின் தடிப்பைக் காட்டாது. எங்கும் ஒரே சீராகச் சுருங்கிய குழாய், படத்தில் இயல்பாகவே மெல்லிய குழாய்போலத் தோன்றி வைத்தியரை ஏமாற்றும். அதனால் கதீட்டரின் நுனியிலேயே நுண்ணொலிக் கருவியைப் பொருத்திக் குழாயினுட் செலுத்தி, சுவரின் தடிப்பை அளக்கும் முறையைக் கண்டனர். முதலாண்டிலேயே அத்தடிப்பு அரை மில்லிமீட்டருக்குமேல் வளர்ந்தால், வருங்காலத்தில் தீங்கு மிகுதி எனக் கண்டறிந்தனர். ஒளியைக் கொண்டு இன்னும் நுட்பமாக அளக்கும் கருவியும் இப்பொழுது உண்டு. குழாய் செலுத்தாமலே சி.டி. ஸ்கேனால் தமனிகளைப் படம் பிடித்தலும், பெட் ஸ்கேனால் இருதயத் தசைக்குச் செல்லும் இரத்தத்தின் அளவை அறிதலும், இருதயத்தை மருந்தால் விரைவாகத் துடிக்கச் செய்து எக்கோவினால் அதன் அசைவை நோக்குதலும் வழக்கிலுள்ளன. சாயம் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வதாதலாலும், இந்நோயாளிகள் உண்ணும் மருந்தால் அவர்தம் சிறுநீரகம் முன்னரே நலிந்திருத்தலாலும், எச்சோதனையை எத்துணை முறை செய்வதென வைத்தியர் ஆராய்ந்து முடிவு செய்கின்றனர். நோயை முன்கூட்டி அறிந்தால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்தாலும், உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை மாற்றுவதாலும் அதன் வேகத்தைக் குறைத்தல் கூடும்.

நாளை வாசுதேவநல்லூரைச் சேர்ந்த உழவர் ஒருவர் மாற்று இருதயம் பெற்று ஊர் திரும்புகின்றார் என வைத்துக்கொள்வோம். அவர் வயலில் நிற்பார், நடப்பார், உண்பார், ஒரு வலியும் இராது. வலி இல்லாதபொழுது ஒருநாட் கூலியையும் வழிச்செலவையும் இழந்து பெருநகரத்துக்குப் போவானேன் என அவர் எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணமே அவர்க்குப் பகை. அதனை எடுத்துரைத்தல் கற்றோர் கடமை. மற்றொரு குடும்பம் தன் பெருந்துயரின் நடுவே மனமுவந்து அளித்த கொடை அவ்விருதயம். அதனைக் காத்தல் பெற்றவர்க்கு மட்டுமன்றி ஈந்தவர்க்கும் செலுத்தும் நன்றியாகும்.

இறுதியும் முடிவுரையும்

போர்ஸ்மன் 1972-ம் ஆண்டில் தம் சுயசரிதையை வெளியிட்டார். 1979-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், கருங்காட்டுப் பகுதியில் ஷோப்பைம் என்னும் ஊரில் இருதய நோயினால் உயிர் நீத்தார். பிறர் இருதயத்துக்கு வழி கண்டவர் தம் இருதயத்தாலேயே மாண்டார்.

அவருடைய வாழ்வினின்று மாணவர்களாகிய நாம் கற்கத்தக்கன யாவை? பழைய நூலொன்றிலிருந்த குதிரையின் படம் ஓர் இளைஞர் உள்ளத்தில் வினாவாகி, உலகத்துக்கு வழியாயிற்று. ஆதலின் நூலகத்திற் கண்டதை அலட்சியம் செய்யற்க. அறிஞர் அவையின் இகழ்ச்சி உண்மையைப் பொய்யாக்குவதில்லை. ஆதலின் இகழ்ச்சிக்கு அஞ்சற்க. அறிவிற் சிறந்தோரும் அறத்தில் வழுவுதல் உண்டு. ஆதலின் கல்வியொன்றே போதுமென இறுமாவற்க. ஒருவர் திறந்த வழி, அவரே எதிர்த்த சிகிச்சைக்கும் காவலாயிற்று; ஆதலின் நாம் இன்று செய்யும் நற்செயல் யாருக்கு எக்காலத்துப் பயன்படும் என்பதை நம்மால் அளத்தல் இயலாது. அளக்க இயலாமையையே காரணமாகக் கொண்டு சோர்ந்திராது, கையிலுள்ள பணியைச் செவ்வனே செய்தலே நமக்குத் தக்கது.